இருக்கன்குடிக்குப் போன இடது கால்

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தது வலது முட்டியில். அதற்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நான் வாங்கிப் போட்ட வெள்ளிக் கால் இடது. கேட்டவர்களிடம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். தெரிந்தேதான் செய்தேன்.

முதலில் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. செல்வகணேஷ், ராணுவத்தில் நாயக். காஷ்மீர் பக்கம் ஒரு மலையில் புதிதாக வரும் ஜவான்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு காலிலும் ஆளுயரத்துக்குப் பட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கம்பை ஊன்றிக்கொண்டு, மலை மேலிருந்து கீழே வரைக்கும் பனியில் வழுக்கிக்கொண்டே வர வேண்டும். அதற்கு மாதச் சம்பளம். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே, வருஷத்தில் பத்து மாதம் வெடித்துக் கிடக்கிற கரிசலில், ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்த ஆளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று நானும் கேட்டிருக்கிறேன். "யாராவது போறீங்களான்னு கேட்டாவ. பக்கத்துல நின்னவன் கையத் தூக்கினான், நானும் தூக்கினேன்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாமனார் கடற்கரைக்கு அந்த வேலைமேல் மரியாதையே கிடையாது. "வழுக்கினா விழணும். அதான் முறை. இதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்கு?" என்பார். இரண்டு கம்பு வைத்துக்கொள்வதுதான் அவருக்குப் பொறுக்காது. "எம்பது உருப்படிய நான் ஒத்தக் கம்ப வச்சு மேய்க்கேன். இவன் ஒத்த ஆளு எறங்கி வர ரெண்டு கம்பா?"

போன பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் புது ஆட்களுக்கு இடப்பக்கம் திரும்புவது எப்படி என்று செய்து காட்டியிருக்கிறார். வலது பட்டை பனியில் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. புனாவில் ராணுவ ஆஸ்பத்திரியில் தொடைக்குப் பின்னாலிருந்து நரம்பை எடுத்து முட்டிக்குள் புது ஜவ்வாகப் பொருத்தினார்கள். பலசரக்குக் கடை பேபியக்கா துக்கம் விசாரிக்கிற குரலில், "ஆனைக்கும் அடி சறுக்கும் பானு, மனசத் தளரவிடாத" என்றாள்.

"சறுக்குறதுக்குத்தானக்கா அவியளுக்குச் சம்பளமே" என்றேன்.

நவம்பர் கடைசியில் ராணுவ டாக்டர்கள் அவர் முட்டியைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேறிவிட்டால் திரும்பவும் மலை. தேறாவிட்டால் கீழே ஏதாவது ஒரு ஊரில் ஸ்டோரில் உட்கார்ந்து கம்பளியும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிற வேலை. குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் உண்டு. அவருக்கு மலை வேண்டும். எனக்கு ஸ்டோர் வேண்டும்.

எனக்கு ஏன் ஸ்டோர் வேண்டும் என்றால், அதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை காரணம். நான் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். மத்தியானம் சாப்பிடுகிற நேரம் டிவியில் கீழே ஓடுகிற எழுத்தில், காஷ்மீரில் பனிச்சரிவு, ராணுவத்தினரைக் காணவில்லை என்று வந்தது. போன் போட்டேன். போகவில்லை. பதினோரு மணி நேரம் போகவில்லை. அவ்வளவு நேரமும் நான் மிட்டாயைக் கவரில் போட்டேன், ஒட்டினேன், பஸ் ஏறினேன், சோறு பொங்கினேன். ராத்திரி போன் வந்தது. வேறு மலையாம், வேறு ஆட்களாம். "எங்களுக்கு ஒண்ணுமில்ல, நீ சாப்பிட்டியா?" என்றார். பாவி மனுஷன். அன்றைக்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

ஆபரேஷன் அன்று அத்தை சத்தியபாமா மஞ்சள் துணியில் காசு முடிந்து, மகன் கால் சரியாக வேண்டும் என்று இருக்கன்குடியாளுக்கு வெள்ளிக் கால் செலுத்துவதாக நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கம் கண்ணில் கோளாறு என்றால் கண், கையில் என்றால் கை என்று தகட்டில் செய்த உருவத்தை வாங்கி அம்மனுக்குக் காணிக்கை போடுவோம். ஆடி வெள்ளிக்கு அத்தையே போவதாக இருந்தார். வீட்டில் இரண்டு ஆடு நிறைசினையாக நின்றது. "நீ போயி போட்டுட்டு வா பானு. போட்டோ புடிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பிவைத்தார்.

சாத்தூரில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். கோயில் வாசலில் உருவம் விற்கிற வெயிலம்மாள் என்னும் பெரியவள், "எந்தக் காலு தாயி?" என்று கேட்டாள்.

"இடது" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் வரும்போதே முடிவுசெய்திருந்தேன். சன்னதியில் நின்று கும்பிடும்போதும் தெளிவாகத்தான் கும்பிட்டேன். "தாயே, அவிய வலது காலு நடக்கட்டும், மாடிப்படி ஏறட்டும், பஸ்ஸுக்கு ஓடட்டும். வழுக்க மட்டும் வேண்டாம்." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, எங்கள் வீட்டில் அந்தப் பூசாரி நான்தான்.

அக்டோபரில் இரண்டு மாத லீவில் அவர் வந்தார். வந்த மறுநாளே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. அதில் ஒன்று, தெருச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருப்பது. தொடை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், எழுந்திருக்கமாட்டார். முதல் நாள் பேபியக்கா கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தாள். "ஏட்டி பானு, பாவம், எந்திரிக்கச் சொல்லு. ஆம்பளைக்கு இவ்வளவு தண்டனை ஆவாது" என்றாள். நான்தான் அவரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன் என்று ஊர் முழுக்க ஒரு வாரம் பேச்சாக இருந்தது. நான் மறுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கோவில்பட்டியில் ஹரி என்கிற பிசியோதெரபி பையனிடம் போவோம். பையன் என்றாலும் கெட்டிக்காரன். தரையில் டேப்பை விரித்துப் போட்டு, "அண்ணாச்சி, ஒத்தக் காலுல நின்னு ஒத்தக் காலுலயே தாண்டணும். நல்ல காலு எவ்வளவு தாண்டுதோ, அதுல நூத்துக்குத் தொண்ணூறாவது ஆபரேஷன் காலு தாண்டணும். அங்கயும் இதைத்தான் பாப்பாங்க" என்றான்.

முதலில் வலது. நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர். "பரவால்லயே அண்ணாச்சி!" என்றான்.

பிறகு இடது. நூற்று எழுபத்திரண்டு.

ஹரி டேப்பைக் குனிந்து பார்த்தான். திரும்பத் தாண்டச் சொன்னான். நூற்று எழுபத்து மூன்று. "இந்தக் காலு எங்கன இருந்து வந்துச்சு அண்ணாச்சி? பேப்பர்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே நூத்தம்பதுன்னுதான போட்டிருக்கு?" என்றான். நான் டவலை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த டவலைத் திரும்ப மடித்தேன்.

ஹரி கணக்குப் போட்டுச் சொன்னான். எண்பது. வலது கால் மோசமில்லையாம். இடது கால்தான் தேவைக்கு அதிகமாக நன்றாக இருக்கிறதாம். இடது பழையபடி நூற்றைம்பதில் நின்றிருந்தால் அன்றைக்கே தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அடுத்த சனிக்கிழமை வலது நூற்று நாற்பதுக்கு ஏறியது. இடது நூற்று எழுபத்தைந்துக்கு ஏறியது. கணக்கு அதே எண்பது. பஸ்ஸில் திரும்பும்போது அவர் தன் இடது காலைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாகக் கரண்ட் எடுக்கிற காற்றாடிகளைப் பார்த்தேன்.

"இடது காலுல கொஞ்சம் கம்மியாத் தாண்டினா என்ன?" என்று ஹரி ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அது ஏமாத்துல்லா தம்பி" என்றார் அவர்.

இந்த இடது கால் சங்கதி வீட்டுக்கு வந்தது. அத்தை யோசித்தார். யோசித்துவிட்டு, "பானு, அந்தப் போட்டோவக் காட்டு" என்றார். ஆடி வெள்ளிக்கு நானே எடுத்த போட்டோ. தட்டு, தேங்காய், கதம்பம், நடுவில் வெள்ளிக் கால். அத்தை போனைத் தரையில் வைத்தார். விரலால் படத்தைப் பெரிசாக்கினார். தன் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த காலை வைத்துப் பார்த்தார். ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற கை அது. எந்தக் காலைப் பார்த்தாலும் எந்தப் பக்கத்துக் கால் என்று சொல்லிவிடுவார்.

"ஏட்டி, இது இடது காலுல்லா!"

"தெரியாம நடந்துபோச்சு அத்தை. கூட்டம்."

"கூறுகெட்டவளே! அவ எந்தக் காலக் குடுத்தோமோ அதத்தான தூக்கிவிடுவா! அதான் இந்த இடது காலு தவளை மாரி தாண்டுது!"

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அத்தை தீர்ப்புச் சொன்னார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது. வலது கால் ஒன்று புதிதாக வாங்கிப் போட வேண்டும். அதையும் கொடுத்த கையே கொடுக்க வேண்டும், வேறு ஆள் போனால் கணக்குச் சேராது. "வர்ற வெள்ளிக்கு நீதான் போணும். இந்தத் தடவை கூட்டம்னு சொல்லாத."

வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் நனைந்தால் எங்கள் ஊரில் நடப்பதே ஒரு வேலை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு அடுக்கு மண் காலில் ஒட்டும். நாலு எட்டில் ஒவ்வொரு காலும் ஒன்றரைக் கிலோ கூடிவிடும். ஹரி காலில் கட்டச் சொன்ன எடைப் பையை அவர் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, விடிந்ததும் காட்டுப் பக்கம் நடந்து வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து வருவார். காலில் மண் இருக்கும், சரி. முதுகிலும் பின்பக்கமும் ஏன் மண் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் மாமனார் வேலியைப் பார்த்துவிட்டு வந்து, "கருக்குச் சீவி வச்ச பனமட்டை ரெண்டக் காணும். தொரட்டிக் கம்பு ரெண்டக் காணும். எந்தக் களவாணிப்பய எடுத்தான்?" என்று கத்தினார். எனக்குப் பொறி தட்டியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன்.

கண்மாய்க் கரையின் உள்சரிவில் மழையில் புல் நனைந்து வழவழவென்று கிடந்தது. சின்ன வயசில் எல்லோரும் பனமட்டையில் உட்கார்ந்து அந்தச் சரிவில் சறுக்கியவர்கள்தான். இவர் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தார். இரண்டு பூட்ஸிலும் சைக்கிள் டியூப்பால் பனமட்டையைக் கட்டியிருந்தார். இரண்டு கையிலும் மாமனாரின் தொரட்டிக் கம்பு. முப்பத்து நாலு வயசு ஆள். நாலைந்து ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் உடைமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் சறுக்கி வந்தார். வலப்பக்கம் அழகாகத் திரும்பினார். எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருந்தது, அந்த மனுஷன் உடம்பில் அப்படி ஒரு நளினம் இருப்பதை நான் பார்த்ததே இல்லை. அடுத்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பாரத்தை வலது காலில் போட வேண்டும், அவரே சொல்லியிருக்கிறார். அந்த இடம் வந்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்து மேலே போனார். வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். பதினோரு தடவை எண்ணினேன். பதினோரு தடவையும் அதே இடம். யாரும் தள்ளவில்லை, கால் மடங்கவில்லை, தானாக உட்கார்ந்தார். பன்னிரண்டாவது தடவை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கம்புகளைக் கீழே போட்டுவிட்டு மண் கையோடு முகத்தைத் துடைத்தார்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"காலு சரியாயிட்டு பானு" என்றார். "நாந்தான் சரியாவல. அந்த இடம் வந்ததும் டக்குன்னு ஒரு சத்தம் கேக்குது. உள்ள ஒண்ணும் இல்ல, ஆனா கேக்குது. பயமா இருக்குடி."

நான் அம்மனிடம் கேட்டது என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. நடக்கும், படி ஏறும், பஸ்ஸுக்கு ஓடும், வழுக்காது. கேட்டபடியே கொடுத்திருக்கிறாள், ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அந்த ஆளை எனக்குத் தெரியவில்லை.

"அப்ப ஸ்டோர்லயே இருந்துருங்களேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருக்கலாம். குவார்ட்டர்ஸ் வரும், உன்னையும் கூட்டிட்டுப் போலாம். எனக்கும் ஆசைதான்." கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தார். "ஆனா போதும்னு நான் சொல்லணும் பானு. முட்டி சொல்லக்கூடாது. ஒரு தடவ மேல இருந்து கீழ வரைக்கும் எறங்கிட்டு, போதும் சாமி, ஸ்டோர் குடுங்கன்னு நானே கேட்டு வாங்கிட்டு வந்துருவேன்."

அதற்கு மேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கூட்டமெல்லாம் இல்லை, தெரிந்தேதான் இடது கால் வாங்கினேன், வழுக்க மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். அதை அதற்கு முன்னால் நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அவர் தன் இடது காலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டியூப்பை அவிழ்த்தார். பனமட்டை இரண்டையும் கம்பு இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், அது வேறு. உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே உப்பு இல்லை. நானும் பேசவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது?

வெள்ளிக்கிழமை தனியாக இருக்கன்குடிக்குப் போனேன். அதே வெயிலம்மாள். "எந்தக் காலு தாயி?" என்றாள்.

"வலது."

அவள் அதே குவியலிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள். பார்த்தாள். புரட்டித் தட்டில் வைத்தாள்.

"ஏங்கம்மா, இது ரெண்டும் ஒண்ணுதானா?"

"எல்லாம் ஒரே அச்சுதான். இப்படிப் போட்டா இடது, பொரட்டிப் போட்டா வலது."

"அப்பம் எந்தக் காலுன்னு எதுக்குக் கேக்குதீங்க?"

"கேட்டாத்தான நீங்க வாயத் தொறந்து சொல்லுவீங்க? அவளுக்குத் தகடு எதுக்கு? மலை மாரி குமிஞ்சு கெடக்கு உள்ள. சொல்லுதது காதுல விழுந்தாப் போதும்." அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, "கண்ணா, கையா?" என்று கேட்கப் போய்விட்டாள்.

ஆக, தகட்டில் ஒன்றும் இல்லை. நான் சொன்னதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் அதுதான் எனக்குள் ஓடியது. சன்னதி வந்ததும் தட்டைக் கொடுத்தேன். பின்னால் நின்றவள் முழங்கையால் இடித்தாள். "அவிய போகட்டும் தாயே" என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அம்மனுக்குத் தெரியும். சொன்னேன். சொன்ன கையோடு, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சத்தம் கூடிவிட்டது. பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஊரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கண்மாய்க்குப் போனேன். கரைமேல் பனமட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பேசவில்லை. நான் பிரசாதப் பையை உடைமரத்தில் மாட்டினேன். சரிவில் இறங்கினேன். அவர் பன்னிரண்டு தடவை உட்கார்ந்த இடம் புல் தேய்ந்து வழுக்கையாகக் கிடந்தது. அதற்கு ஒரு எட்டு கீழே போய், மேலே பார்த்து நின்றேன்.

"ஏட்டி, விலகு!" என்றார். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"விலக மாட்டேன். இங்கனதான் நிக்குதேன். இடது பக்கம் திரும்புங்க, இல்ல என் மேல இடிச்சுட்டுப் போங்க."

"பைத்தியமா உனக்கு? காலு கீலு ஒடிஞ்சிரும்!"

"ஒடிஞ்சா ஒடியட்டும். எனக்கும் ரெண்டு முட்டி இருக்கு. அத்தை இன்னொரு தகடு போடுவாவ. ஒரே அச்சுதான்."

அவருக்கு அது புரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். ஆடுகள் என்னைப் பார்த்தன, அவரைப் பார்த்தன. பிறகு கம்பை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். வந்தார். கீழே நின்று பார்க்கும்போது அது எவ்வளவு வேகம் என்று தெரிந்தது. வலப்பக்கம் திரும்பினார். நேரே என்னைப் பார்த்து வந்தார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. என் கண்ணிலும் தெரிந்திருக்கும். நான் கண்ணை மூடவில்லை. வலது முட்டி மடங்கியது, பாரம் அதில் இறங்கியது, பனமட்டை கிரீச்சென்று மண்ணை அறுத்தது. என் சேலைக் கரையில் சேற்றை வாரி அடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டார். கீழே தண்ணீர் ஓரம் வரைக்கும் போய், நின்றபடியே நின்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவ நில்லு" என்றார்.

மூன்று வாரம் நின்றேன். கம்பெனியிலிருந்து வந்ததும் கண்மாய்தான். அந்த மூன்று வாரத்தில் என் சேலை நாலு பாழாய்ப் போனது. ஒரு தடவை இடித்தும்விட்டார், இரண்டு பேருமாய் உருண்டோம், முட்டி நாலும் பத்திரம். மாமனார் கரைமேல் வந்து நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு கம்பு வேணும்தான் போல" என்று தன் ஆடுகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிச் சனிக்கிழமை ஹரி டேப்பை விரித்தான். இடது நூற்று எழுபத்தெட்டு. வலது நூற்று அறுபத்தொன்று. போனில் கணக்குப் போட்டான். "தொண்ணூறு புள்ளி நாலு அண்ணாச்சி!" என்று கத்தினான். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் டவலை மடித்துக்கொண்டிருந்தேன். டவல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "ஒரே ஒரு தடவ. எறங்கிட்டு, போதும்னு சொல்லிட்டு வந்துருதேன்" என்றார். கையில் அத்தை கொடுத்த கடம்பூர் போளி இருந்தது. ராணுவ டாக்டர்கள் தேறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்ததாகப் பத்து நாளில் போன் வந்தது.

ஜனவரியில் ஒரு வீடியோ அனுப்பினார். எங்கு பார்த்தாலும் வெள்ளை. மேலே ஒரு கறுப்புப் புள்ளி. அது இறங்கி வருகிறது. வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கம் திரும்புகிறது, வலம், இடம், வலம், இடம். பார்க்கப் பார்க்க அது ஒரு ஆளாகி, என் வீட்டுக்காரர் ஆகி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. அத்தை ஐந்து தடவை போட்டுப் பார்த்தார். மாமனார், "கீழ நிக்க ஆளு இல்லாமலே திரும்புதானே" என்றார். நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். நல்லாத்தான் எறங்குதீங்க." அவர் சிரிப்பது கேட்டது. "போதும்னு சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. போன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"பானு" என்றார். "இன்னும் ஒரே ஒரு தடவ எறங்கிட்டுச் சொல்லுதேன்."

போனை வைத்தபிறகு யோசித்துப் பார்த்தேன். தப்பு அவர்மேல் இல்லை. சன்னதியில் நின்று மூன்று தடவை வரட்டும் என்று கத்தினேனே தவிர, எப்போது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.